அண்டை நாட்டாரின் பழங்கணக்கு

போலந்து மக்களும் உக்ரைன் மக்களும் ஸ்லாவ் இனத்தின் இரு கிளையினர், மொழியாலும் நெருங்கியவர். எனினும் இவர்களிடையே நெடுநாட் பகை ஒன்று உண்டு. அதன் காரணத்தை நாம் சற்றே ஆராய்வோம்.

1918-இல் லிவீவ் நகரம் யாருக்கு உரியது என்ற வினா எழுந்தது. நகரினுள் போலந்தியர் மிகுதி. சுற்றுப்புறச் சிற்றூர்களில் உக்ரைனியர் மிகுதி. போர் மூண்டது, போலந்து வென்றது. 1943-இல், ஜெர்மன் ஆதிக்கக் காலத்தில், வொலீனியாப் பகுதியில் உக்ரைனியக் கிளர்ச்சிப் படையினர் பல்லாயிரம் போலந்தியரைக் கொன்றனர். பழிக்குப் பழியாக உக்ரைனியரும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். 1947-இல் போலந்து அரசு, உக்ரைனியரும் லெம்கோ மக்களுமாகச் சுமார் 1,40,000 பேரை வேரோடு பெயர்த்து, நாட்டின் வடக்கிலும் மேற்கிலும் சிதறக் குடியேற்றியது.

அக்கிளர்ச்சிப் படையினர் உக்ரைனியர் பலருக்கு விடுதலை வீரர், போலந்தியருக்கோ கொலைஞர். பூசலின் வேர் இதுவே. 2017-இல் அவர்தம் நினைவுச் சின்னமொன்று போலந்தில் அகற்றப்பட்டது. உடனே உக்ரைன், மாண்ட போலந்தியரின் எலும்புகளை அகழ்ந்தெடுக்கும் பணியை நிறுத்திவைத்தது.

2022-இல் ருஷ்யப் படையெடுப்பினால் அகதிகளாக வந்த இலட்சக்கணக்கான உக்ரைனியருக்குப் போலந்தியர் தம் இல்லங்களிலேயே இடமளித்தனர். ஆயினும் மறு ஆண்டே, உக்ரைன் தானியத்தால் விலை சரிந்ததென்று போலந்து உழவர் முறையிட, அதன் இறக்குமதி தடுக்கப்பட்டது.

2024-இன் இறுதியில் அகழ்வுக்கு உக்ரைன் இசைந்தது. 2025-இல் பணி மீண்டும் தொடங்கியது. உண்ண உணவும் உறைய இடமும் ஈந்த பின்னரும், இறந்தோருக்குரிய கடன் தீராமல் நட்பு முழுமை பெறுவதில்லை என்பதை இவ்வரலாற்றால் அறிகிறோம்.