கேப்ஷனில் தொடங்கும் பழக்கம்

பத்திரிகைகளுக்குச் சுதந்திரமாகப் படம் எடுத்துத் தர நினைக்கும் இளைஞர்கள் முதலில் கேட்பது, "சார், யாராவது எடிட்டரிடம் என்னை அறிமுகப்படுத்தி வைக்க முடியுமா?" என்பதைத்தான். அறிமுகத்துக்கு ஒரு போன் போதும், அதோடு அதன் ஆயுளும் முடிந்துவிடும். பதிப்பு மூடப்போகும் நேரத்தில் உங்கள் படம் வந்தால் வேறு யாரிடமும் எதையும் கேட்டுச் சரிபார்க்கத் தேவையில்லை என்ற நம்பிக்கை டெஸ்க்கில் இருப்பவருக்கு வர வேண்டும். அன்றிலிருந்துதான் உங்கள் எண் அவர் போனில் பெயரோடு இருக்கும். அதனால் கேப்ஷனிலிருந்து தொடங்குங்கள். மதுரையை வைத்தே சொல்கிறேன்.

சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கும் படம் எல்லா டெஸ்க்குக்கும் ஸ்டாஃப் போட்டோகிராபர்கள் மூலமும் ஏஜென்சிகள் மூலமும் வந்துவிடும். உங்களிடமிருந்தும் அதே படம் போனால் யார் திறந்து பார்ப்பார்கள்? தோல்பையில் தண்ணீர் நிரப்பிப் பீய்ச்சியடிக்கும் ஒரு பக்தரை எடுங்கள். எடுத்த கையோடு கூட்டத்துக்குள் தொலைந்துவிடாமல் அவரிடம் போய்ப் பேசுங்கள். எந்த ஊர், யாருக்காக நேர்ந்துகொண்டார், பை எங்கே வாங்கியது என்று கேளுங்கள். பெயரை அவர் கையாலேயே உங்கள் நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் நீங்கள் எழுதிவிட்டு அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். சண்முகம் சண்முகவேலாக அச்சாகிவிட்டால் அந்த ஊரில் உங்களை மறுபடி யாரும் நம்ப மாட்டார்கள்.

பிறகு இடம், தேதி, யார், என்ன செய்கிறார், படம் எடுத்தவர் பெயர், போன் எண் எல்லாவற்றையும் படக்கோப்புக்குள் இருக்கும் ஐ.பி.டி.சி. கட்டங்களில் நிரப்புங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அளவும் சுருங்கிவிடும், உள்ளே பதித்த விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் மெயிலில் போடுங்கள். ஐம்பது படங்களை அள்ளிக் கொட்டாதீர்கள். நான்கு போதும், ஒன்று கட்டாயம் நெட்டுவாக்கில் இருக்கட்டும். ஒற்றைப் பத்தி இடம் மிஞ்சும்போது பக்கம் வடிவமைப்பவர் தேடுவது அதைத்தான்.

அடுத்தது நேரில் போவது. ஆசிரியரைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். மாவட்ட நிருபரைப் பாருங்கள். முற்பகலில் போனால் ஒரு டீ குடிக்கும் நேரமாவது கிடைக்கும், மாலை ஆறுக்கு மேல் போனால் தொந்தரவுதான். "நல்லா எடுப்பேன் சார்" என்பதை விட, "உசிலம்பட்டி, மேலூர் பக்கம் ராத்திரி எந்நேரமும் என்னால் போக முடியும், வண்டி இருக்கிறது" என்பது அவருக்கு உபயோகமான தகவல். அவருடைய போட்டோகிராபர் அமைச்சர் நிகழ்ச்சியில் மாட்டிக்கொண்டிருக்கும் நாளில், விபத்து நடந்த இடத்துக்கு முதலில் போகக்கூடியவராக நீங்கள் நினைவுக்கு வர வேண்டும்.

ஜல்லிக்கட்டு போன்ற நிகழ்ச்சிகளுக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். மாவட்ட செய்தி மக்கள் தொடர்பு அலுவலகத்தில் பெரும்பாலும் நிறுவனத்தின் கடிதம் கேட்பார்கள். பொங்கலுக்கு முதல் நாள் போய் நின்றால் நடக்காது. அந்த வேலைக்கு மட்டுமான ஒரு கடிதத்தை முன்கூட்டியே பத்திரிகையிடம் கேட்டு வாங்கிவிடுங்கள். டெஸ்க்கோடு பழகியதன் பலன் முதன்முதலில் கைக்கு வருவது இங்கேதான்.

அலங்காநல்லூர் வாடிவாசலுக்கு எதிரே போட்டோகிராபர்கள் நெருக்கியடித்து நிற்கும் மேடை, இந்தத் தொழிலின் உண்மையான சங்கம் என்பேன். அங்கே நீங்கள் நடந்துகொள்ளும் விதம் ஒரே நாளில் எல்லாப் பத்திரிகைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மூத்தவர் பிடித்த இடத்தில் முட்டாதீர்கள். காளை வெளியே வரும் நொடியில் கையைத் தூக்கிப் போனில் வீடியோ எடுக்காதீர்கள், பின்னால் நிற்பவரின் ஃபிரேம் போய்விடும். கார்டு ரீடர் மறந்து வந்தவருக்கு உங்களுடையதைக் கொடுங்கள், மாடுபிடி வீரரின் பெயர் கேட்டால் சொல்லுங்கள். ஆனால் எவ்வளவு நெருங்கிய அண்ணனாக இருந்தாலும் அவர் எடுத்த படம் உங்கள் பெயரில் போகக் கூடாது, உங்கள் படமும் அவர் பெயரில் போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்.

செய்தி முதலில் தெரிவது தீயணைப்பு நிலையத்தில் இருப்பவருக்கும், 108 ஓட்டுநருக்கும், பேருந்து நிலைய டீக்கடைக்காரருக்கும்தான். வேலை இருக்கும்போது மட்டும் அவர்களைத் தேடிப் போகாதீர்கள். அவர்கள் இருக்கும் படம் அச்சானால் பத்திரிகையை எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள். தோல்பைக்காரருக்கும் ஒரு பிரிண்ட் அனுப்புங்கள், அடுத்த சித்திரைக்குத் தன் ஊர்க்காரர்கள் எந்த வழியாக வருகிறார்கள் என்று அவரே போன் செய்து சொல்வார். பிணவறை வாசலில் அழுகிறவர்களிடம் மட்டும் தொடர்பு தேடாதீர்கள். அங்கே கேமராவை இறக்கிவிட்டு, சொந்தக்காரர் யாரிடமாவது கேட்டு, சரி என்றால் மட்டும் எடுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேசக் கூச்சப்பட்டால் பழக்கம் கசந்துதான் முடியும். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அவர்தான், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை. நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. ஆகவே எந்த வேலையை ஒப்புக்கொள்ளும்போதும், "ஒருமுறை வெளியிட மட்டும், பெயருடன், இவ்வளவு ரூபாய்" என்று ஒரு வரி மெயில் போட்டு, பதில் வாங்கிக்கொண்டு புறப்படுங்கள். 1947இல் ராபர்ட் கப்பாவும் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸானும் நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் நிறுவனத்தைத் தொடங்கியதற்குப் படத்தின் உரிமை எடுத்தவரிடமே இருக்க வேண்டும் என்பது முக்கியமான காரணம். பெயர் இல்லாமல் படம் வந்திருந்தால் ஃபேஸ்புக்கில் சண்டைக்கு நிற்காமல், மறுநாள் டெஸ்க்குக்குப் பேசுங்கள். அவசரத்தில் விட்டுப்போயிருந்தால் இணையப் பதிப்பிலாவது திருத்திவிடுவார்கள். அதே இடத்தில் அது தொடர்ந்தால், அங்கே அனுப்புவதை நிறுத்திவிடுங்கள்.

ஒரு கட்டத்தில் ஒரே நாளில் இரண்டு அழைப்புகள் வரும். இரண்டையும் ஏற்றுக்கொண்டு ஒன்றைச் சொதப்பாதீர்கள். "நான் திருமங்கலத்தில் இருக்கிறேன் சார், இந்த நம்பரில் தம்பி ஒருவர் இருக்கிறார், கேப்ஷன் சரியாக எழுதுவார்" என்று சொல்லி, அந்தத் தம்பியையும் உடனே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள்.