கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார்?

புதுச்சேரியில் தாத்தா காலத்து வீட்டை விற்க நினைப்பவர்கள் முதலில் புரோக்கரைத்தான் தேடுகிறார்கள். விலை படிந்து, முன்பணம் வாங்கிய பிறகே வக்கீலிடம் பத்திரம் போகிறது. வில்லங்கமும் அப்போதுதான் தலைகாட்டுகிறது.

பழைய மூலப்பத்திரம் பெரும்பாலும் பிரெஞ்சில் இருக்கும். அந்நாளில் கிரயம் எழுதிய நொத்தேர், விற்பவர் வாங்குபவர் இருவருக்கும் பொதுவான அதிகாரி. அசல் அவரிடமே தங்கிவிடும். வீட்டுப் பீரோவில் இருப்பது அவர் சான்றளித்துத் தந்த பிரதி. 'அசல் எங்கே?' என்று வாங்குபவர் கேட்டால் இதை எடுத்துச் சொல்ல, விற்பவர் பக்கம் ஒரு வக்கீல் வேண்டும்.

அடுத்த கேள்வி இன்னும் சிக்கலானது: வீட்டுக்கு உரிய குடும்பத்துக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? விடை பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் இருக்கிறது. ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் சென்றதால் 1873-இல் தண்டிக்கப்பட்டு, பிரான்சு வரை போய் வென்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை. மரபுச் சட்டத்தைத் துறக்க வழிசெய்த ஆணை 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி வந்ததும், அவரைப் போலவே பலர் அதைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றார்கள். அவர்களே ரெனோன்சான்கள். 1963 அக்டோபரில் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்ட இந்து வாரிசுரிமைச் சட்டம் இவர்களுக்குப் பொருந்தாது.

விற்பனையில் இதன் விளைவு நேரடியானது. பிரெஞ்சுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. மூன்று பிள்ளைகள் இருந்தால், சொத்தில் கால் பங்கைத்தான் தந்தை தன் விருப்பப்படி உயில் எழுத முடியும். 'எல்லாம் மூத்தவனுக்கே' என்ற உயிலை நம்பி மூத்தவர் மட்டும் கையெழுத்துப் போட்டால், தங்கை வழக்குப் போட வழி இருக்கிறது.

அந்தத் தங்கை பாரிஸில் இருக்கலாம். அவர் அனுப்பும் பவர் பத்திரம் இந்தியத் தூதரகச் சான்றோடோ அப்போஸ்டிலோடோ வர வேண்டும். இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வெளிநாட்டில் வசிப்பவர் பங்குக்கு வருமான வரிப் பிடித்தமும் கூடுதல். உள்நாட்டவருக்குப் பிடிக்கும் 1 சதவீதம் அங்கே செல்லாது.

சொத்தில் மறைந்திருக்கும் குறை தெரிந்தால் விற்பவரே சொல்லியாக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. ஆகவே வக்கீலிடம் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ்கள், வம்சாவளி விவரம் எல்லாவற்றையும் முதலிலேயே கொடுத்துவிடுங்கள். கையெழுத்துப் போட வேண்டியவர்கள் யார் யார் என்று அவர் எழுதித் தரட்டும். அதற்குப் பிறகு விலை பேசலாம்.