பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள்

மர்பி டவுனில் வாழும் நம்மவர்க்கு அல்சூர் ஏரி அயலிடமன்று. அதன் கரையை அடுத்தே மதராஸ் சாப்பர்ஸ் படையினரின் பாசறை அமைந்திருக்கிறது. ஏரியில் பாய்ப்படகு செல்லும்போது பாயைக் காண்கிறோம், மரத்தைக் காண்கிறோம்; அம்மரத்தை நிமிர்த்தி நிறுத்தும் மெல்லிய எஃகுக் கம்பிகளையோ நாம் பொருட்படுத்துவதில்லை.

பாயை மேலே ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், அதன் கீழ்முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றைத் தாமான் என்றும் தமிழ்க் கடலோடிகள் வழங்கினர். இவை ஓயாது இயங்குபவை. நாம் கூறவந்த கம்பிகள் அசையாது நிற்பவை: முன்னே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று, பெரிய படகாயின் பின்னேயும் ஒன்று.

இவை தளர்ந்திருந்தால் காற்றில் மரம் சாயும், முன்கம்பி தொய்யும், பாய் பைபோல் உப்பும், படகு காற்றை எதிர்த்து ஏறமாட்டாமல் பக்கவாட்டில் வழுக்கும். அலைதோறும் வெடுக்கென்று இழுபடும் கம்பி நாளடைவில் நைந்து அறுவதும் உண்டு. அளவு கடந்து முறுக்கினாலோ, கம்பிகள் யாவும் சேர்ந்து மரத்தைக் கீழ்நோக்கி அழுத்த, மரம் வளையும்; படகின் உடலும் நெளியும்.

முதலில் மரம் நேராக நிற்கிறதா என்று காண வேண்டும். கொத்தனார் சுவரருகே தூக்குக்குண்டைத் தொங்கவிடுவார். அது தரைக்குப் பொருந்தும். நீரில் படகே சாய்ந்திருக்கக் கூடுமாதலால் இங்கே உதவாது. ஆகவே அளவு நாடாவை ஆஞ்சானில் கட்டி மரத்தின் உச்சிக்கு ஏற்றி, இருபக்க விளிம்புகளிலும் கம்பி பூட்டிய இடம்வரை அளப்பார்கள். இரண்டு அளவும் ஒத்திருந்தால் மரம் நடுவே நிற்கிறது.

அடுத்தது இறுக்கம். ஏரியில் ஓடும் சிறு படகுகளில் துளையிட்ட தகடும் ஊசியுமே பக்கக் கம்பியின் நீளத்தை மாற்றும். முன்பாயின் ஆஞ்சானை இறுக்கினால் எல்லாக் கம்பிகளும் விறைக்கும். பெரிய படகுகளில் முடுக்குத் திருகு உண்டு. அதனை ஒருபுறம் அரைச் சுற்று, மறுபுறம் அரைச் சுற்று என மாற்றி மாற்றித் திருக வேண்டும். ஒரே பக்கத்தை முழுதும் முறுக்கி முடிப்பதே புதியவர் செய்யும் பிழை.

எவ்வளவு இறுக்குவது? கம்பியைத் தட்டி ஓசை கேட்டுச் சொல்வோர் உண்டு. நமக்கு அதில் நம்பிக்கை குறைவு. கம்பியைக் கையால் தொய்வு நீங்க இழுத்தபின், 2 மீட்டர் நீளமுள்ள கோலின் ஒரு முனையைக் கம்பியோடு பிணைத்து, மறுமுனை நிற்குமிடத்தில் கம்பிமேல் குறியிடுங்கள். திருகத் திருகக் கம்பி நீண்டு, குறி கோலைவிட்டு விலகும். பத்தொன்பது இழைகளை ஒன்றாக முறுக்கிய எஃகுக் கம்பியில் 1 மில்லிமீட்டர் விலகினால், அக்கம்பியை அறுக்கவல்ல பளுவில் 5 விழுக்காடு ஏறியதாகக் கொள்ளலாம். கம்பி பருமனோ மெலிதோ, கணக்கு மாறாது. பக்கக் கம்பிகளுக்கு 3 மில்லிமீட்டர், அதாவது 15 விழுக்காடு, நல்ல தொடக்கம். 20-க்கு மேல் போகாதிருப்பது நலம்.

பின்பு நடுத்தரக் காற்றில் படகை ஓட்டிப் பாருங்கள். காற்று ஒதுங்கும் பக்கத்துக் கம்பி சற்றே விறைப்பிழக்கலாம், தொளதொளவென்று ஆடலாகாது.

2018 செப்டம்பரில், தனியே உலகைச் சுற்றப் புறப்பட்ட அபிலாஷ் டோமியின் படகு தென் இந்தியப் பெருங்கடற் புயலில் கவிழ்ந்து, மரம் முறிந்தது. முதுகில் காயமுற்ற அவரைப் பிறர் வந்து மீட்கவேண்டியதாயிற்று. அத்தகைய புயலுக்கு எந்த இறுக்கமும் காப்பாகாது; ஆனால் ஏரியின் சிறு காற்றில் மரம் சாய்வதற்குப் பெரும்பாலும் கழன்ற ஓர் ஊசியே காரணம். திருகி முடித்ததும் பிளவூசியைச் செருகி, அதன் முனை பாயைக் கிழிக்காதபடி நாடா சுற்றிவிடுங்கள்.