சிறு நாட்டின் ஓட்டமும் உலக அளவும்

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கும் சவ்வாது மலையில், காவலூர் என்னும் சிற்றூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. வானாய்வுக் கூடத்தால் பெயர் பெற்ற ஊர் அது. அவ்வுயரத்தில் காற்றின் செறிவு, கடற்கரையில் உள்ளதைவிட நூற்றுக்கு ஏழு பங்கு அளவு குறைந்திருக்கும். இக்குறைவு விண்மீன்களை ஆராய்வார்க்கு மட்டுமன்றி, ஓட்டப் பந்தயச் சாதனைகளை ஒப்பிடுவார்க்கும் கருதத்தக்கதாகும்.

விரைந்து ஓடுபவர் எதிர்ப்படும் காற்றைத் தள்ளிக்கொண்டே ஓடுகிறார். காற்று மெலிந்தால் தடையும் மெலியும். 1968ஆம் ஆண்டு, 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள மெக்சிகோ நகரில் ஜிம் ஹைன்ஸ் என்பார் 100 மீட்டர் தொலைவை 9.95 நொடியில் ஓடினார். 1983 வரை அதனை எவரும் வென்றிலர். ஆகவே 1,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களில் பெறும் காலங்களைத் தனிக் குறியிட்டு எழுதுகின்றனர். பின்னிருந்து வீசும் காற்று நொடிக்கு 2 மீட்டருக்கு மிகுமாயின், அவ்வோட்டம் சாதனையாகவே கொள்ளப்படுவதில்லை.

இவற்றை மனத்திற்கொண்டு இலங்கையை நோக்குவோம். அதன் மக்கள்தொகை தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவு. அந்நாட்டு யுபுன் அபேகோன், 2022ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் 100 மீட்டரை 9.96 நொடியில் ஓடினார். பத்து நொடிக்குள் ஓடிய முதல் தெற்காசியர் அவரே. அவர் ஓடிய லா சோ த ஃபோன் நகரும் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. மெலிந்த காற்று சிறிது துணை செய்திருக்கும். எனினும் கால்கள் அவருடையனவே அன்றோ!

140 கோடி மக்களையுடைய இந்தியாவில் அனிமேஷ் குஜூர் 2025இல் பெற்ற தேசியச் சாதனை 10.18 நொடி. இருவரும் அவ்வவ் வேகத்தில் ஒருங்கே ஓடியிருப்பின், யுபுன் இரண்டு மீட்டருக்கு மேல் முந்தியிருப்பார். ஆயின் உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 9.58 நொடியில் ஓடிய ஓட்டத்திற்கு யுபுன் ஏறத்தாழ நான்கு மீட்டர் பின்தங்குவார். போல்ட் பிறந்த ஜமைக்காவின் மக்கள்தொகையோ முப்பது லட்சத்தையும் எட்டாது.

400 மீட்டர் ஓட்டமும் இத்தகையதே. சுகத் திலகரத்ன 1998இல் ஃபுகுவோக்காவில் 44.61 நொடியில் ஓடினார். தமிழ்நாட்டு விஷால் 2025இல் சென்னையில் 45.12 நொடியில் ஓடி இந்தியச் சாதனையைப் புதுக்கினார். இடையே இருபத்தேழு ஆண்டுகள் கழிந்தும் அரை நொடி எஞ்சி நிற்கிறது. 2016இல் தென்னாப்பிரிக்கரான வேட் வான் நீக்கெர்க் நிறுவிய உலகச் சாதனை 43.03 நொடி. நெடுந்தொலை ஓட்டங்களில் கென்யா, எத்தியோப்பியா நாடுகளின் உயர்நிலங்களில் வளர்ந்தோர் முன்னிற்க, இலங்கையரும் இந்தியரும் மிகப் பின்னே உள்ளனர்.

பெண்டிருள் சுசந்திகா ஜயசிங்க 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 22.28 நொடியில் ஓடி மூன்றாமவராக வந்தார். 1988இல் ஃபுளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் சியோலில் நிறுவிய உலகச் சாதனையாகிய 21.34 நொடிக்கு அது ஒரு நொடியளவு பின்னதே. சிட்னியில் முதலில் வந்த மரியன் ஜோன்ஸ், ஊக்க மருந்து உண்டமையை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்தார். 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாற்றப்பட்டது.