உங்களுக்குத் தெரியுமா? வெளிச்சத்துக்காக ஒரு வீடு

மெக்சிகோ நகரின் தக்குபாயா பகுதியில் கட்டடக்கலைஞர் லூயிஸ் பரகான் 1948இல் தமக்கென எழுப்பிய வீடு, தெருவிலிருந்து பார்த்தால் அலங்காரமற்ற சாம்பல் நிறச் சுவர்தான். 1988இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். இன்று அருங்காட்சியகமாக இருக்கும் அந்த வீடு, 2004இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. நவீனக் கட்டடம் என்றாலே கண்ணாடிப் பெட்டி என்ற எண்ணத்துக்கு இதைவிட அழகான மறுப்பு இல்லை.

ஒரு தனிமனிதரின் வீட்டை அப்படியே காக்க வேண்டுமா, வரைபடமும் புகைப்படமும் போதாதா என்று கேட்கலாம். போதாது. மாடிப்படித் தளத்தில் கலைஞர் மத்தியாஸ் கெரிட்ஸ் படைத்த பொன் பலகை, பகலொளியை வாங்கி இளஞ்சிவப்புச் சுவருள்ள கூடத்தில் பரப்புகிறது. வேளைக்கு வேளை மாறும் அந்த ஒளி எந்த ஒற்றைப் படத்திலும் அடங்காது. மொட்டைமாடியிலோ உயர்ந்த வண்ணச் சுவர்கள் நகரத்தை மறைத்து, வானத்தை மட்டும் விட்டுவைக்கின்றன.