வார்டில் யாரை எண்ணுகிறோம்? செவிலியர் ஆய்வுகளும் சுகாதாரக் கொள்கையும்



சாவித்திரிபாய் பூலே நினைவு நாளில் பேசுகிறேன் என்றதும் கல்வியைப் பற்றித்தான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். அவரை ஆசிரியையாகத்தான் நாம் கொண்டாடுகிறோம். அவர் எப்படி இறந்தார் என்பதை அந்த அளவுக்குப் பேசுவதில்லை. 1897-இல் புனேயில் பிளேக் பரவியபோது, மருத்துவரான மகன் யஷ்வந்துடன் சேர்ந்து ஊருக்கு வெளியே நோயாளிகளைப் பராமரிக்கும் இடம் ஒன்றை நடத்தினார். முந்த்வாவை அடுத்த மகர் சேரியில் ஒரு சிறுவனுக்கு நோய் கண்டது என்று கேள்விப்பட்டு, நேரில் போய் அவனை முதுகில் சுமந்து கொண்டுவந்தார். சிறுவன் பிழைத்தான். நோய் தொற்றிய சாவித்திரிபாய் மார்ச் 10 அன்று இறந்தார். அவருக்கு அப்போது 66 வயது.

தீட்டு என்று ஊர் ஒதுக்கிய உடலைத் தொட்டுத் தூக்கியதுதான் அவர் செய்த கடைசி வேலை. இன்று நான் பேச விரும்புவது அந்த வேலையைப் பற்றி. நோயாளியின் உடலைத் தொட்டுப் பராமரிக்கும் வேலையை நம் மருத்துவமனைகளில் யார் செய்கிறார்கள், எத்தனை பேர் செய்கிறார்கள், அரசு அவர்களை எப்படி எண்ணுகிறது? இதைப் பற்றி உலகில் ஏராளமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவை நமக்கு எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதைப் பார்ப்போம்.

ஒரு பொது வார்டின் இரவு

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து ஓர் அரசு மருத்துவமனையின் பெண்கள் வார்டில் ஒன்பது நாள் இருந்தார். இரவில் தூக்கம் வராமல் நோயாளிகளை எண்ணினேன். தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவர்களையும் சேர்த்து 42 பேர். பணியில் ஒரே ஒரு நர்ஸ். பக்கத்துப் படுக்கை அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது, அவருடைய மகள்தான் ஓடிப்போய் நர்ஸைக் கூட்டிவந்தார். அவர் வார்டின் மறுகோடியில் வேறொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் பெட்பேன் வைக்க வேண்டும் என்றால் ஆயாம்மாவைக் கூப்பிட வேண்டும். இரண்டு வார்டுக்கும் சேர்த்து ஒரே ஆயாம்மா, ஒப்பந்த நிறுவனத்தின் ஆள். முதல் நாளே அம்மாவிடம், "எந்த ஊரும்மா? ஊருக்குள்ளயா, காலனியா?" என்று கேட்டார். காலனி என்றதும் முகம் மாறியது, அவரும் காலனிதான். அதன்பிறகு கூப்பிடாமலே வந்து பார்த்தார்.

அந்த நர்ஸும் நிரந்தரப் பணியாளர் அல்ல, தொகுப்பூதியத்தில் இருப்பவர். நான்காம் நாள் இரவு, ஆயாம்மா வர நேரமானபோது, ஏன் நீங்கள் உதவக் கூடாது என்று சற்றுக் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நானும் நம்ம ஆளுதான்க்கா. இன்னைக்கு நான் எடுத்தா, நாளையிலேர்ந்து என்னை மட்டும்தான் எடுக்கச் சொல்லுவாங்க."

சமூகவியல் படித்தவள் என்ற பெருமை எனக்கு உண்டு. அந்த ஒரு வாக்கியத்துக்கு முன் என் படிப்பு வாயடைத்து நின்றது. அந்த வார்டில் இரண்டு சிக்கல்கள் இருந்தன. ஒன்று, ஆள் போதவில்லை. இன்னொன்று, இருக்கிற ஆட்களுக்கிடையில் வேலை சாதியின் வழியே பிரிந்து கிடந்தது. முதல் சிக்கலை உலக ஆய்வுகள் நன்றாக எண்ணிச் சொல்லியிருக்கின்றன. இரண்டாவதை எண்ணும் வேலை பெரும்பாலும் இனிமேல்தான் நடக்க வேண்டும்.

எண்ணிக்கை உயிரைத் தீர்மானிக்கிறது

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து, லிண்டா ஐக்கன் என்ற சமூகவியலாளரும் அவர் குழுவினரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐக்கன் தாமே செவிலியராக இருந்தவர். அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளையும், அந்த மருத்துவமனைச் செவிலியர்கள் ஒவ்வொருவரும் எத்தனை நோயாளிகளைப் பார்த்தார்கள் என்பதையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், நோயாளிகள் 30 நாளுக்குள் இறப்பதற்கான வாய்ப்பு 7 விழுக்காடு கூடியது. 2014-இல் ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் செய்த ஆய்விலும் இதே 7 விழுக்காடு வந்தது.

இது ஏன் நடக்கிறது? அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிக்கல் எந்த மருத்துவமனையிலும் வரலாம். ரத்தக்கசிவு, கிருமித் தொற்று, மூச்சுத்திணறல் எல்லாம் வரும். அதை யார், எத்தனை நிமிடத்தில் கவனிக்கிறார் என்பதில்தான் வேறுபாடு. மருத்துவர் நாளைக்கு ஒருமுறை, இருமுறை சுற்றி வருகிறார். மீதி நேரம் முழுவதும் நோயாளியின் நாடியையும் நிறத்தையும் மூச்சையும் பார்ப்பவர் செவிலியர். அவர் கையில் நான்கு பேர் இருந்தால் கவனிப்பார். 42 பேர் இருந்தால், சத்தம் போடுகிறவரைத்தான் கவனிக்க முடியும். சத்தம் போட ஆள் இல்லாதவர் அமைதியாக இறந்துபோவார். அரசு மருத்துவமனைக்கு வரும் நம் மக்களில் கூட ஆள் இல்லாதவர்கள், குரலை உயர்த்தத் தயங்குபவர்கள் எத்தனை பேர் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆய்வு முடிவு தானாகச் சட்டமாகிவிடாது. கலிஃபோர்னியாவில் செவிலியர் சங்கம் பல ஆண்டுகள் போராடி, 1999-இல் நோயாளி–செவிலியர் விகிதச் சட்டத்தைப் பெற்றது. 2004-இல் அது நடைமுறைக்கு வந்தது. 2005 முதல் அங்கே பொது வார்டில் ஒரு செவிலியருக்கு 5 நோயாளிக்கு மேல் கொடுக்கக் கூடாது.

இங்கே இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோலும் ஏறத்தாழ அதேதான்: பொது மருத்துவமனையின் பொது வார்டில் 5 நோயாளிக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒருவர். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். 30 படுக்கை உள்ள வார்டில், 5-க்கு ஒருவர் என்றால் ஒரு ஷிப்டுக்கு 6 பேர். மூன்று ஷிப்டுக்கு 18 பேர். விடுப்புக்கும் வார ஓய்வுக்கும் 30 விழுக்காடு சேர்த்தால் 23, 24 பேர் பட்டியலில் இருக்க வேண்டும். உங்கள் ஊர் மருத்துவமனையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அங்கே சட்டம், இங்கே அளவுகோல். சட்டத்தை மீறினால் தண்டனை உண்டு. அளவுகோலை மீறினால் கேட்க ஆள் இல்லை.

ஆள் போட்டபோது நடந்தது, ஒப்பந்தம் போட்டபோது நடந்தது

1946-இல் போர் குழு தன் அறிக்கையைத் தந்தபோது இந்தியாவில் இருந்த செவிலியர் சுமார் 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர். 1971-க்குள் 7,40,000 பேர் வேண்டும் என்று அந்தக் குழு கணக்கிட்டது. அந்தக் குறிக்கோளை நாடு உரிய காலத்தில் எட்டவில்லை. ஆனால் ஆள் போட்டால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாடே சான்று. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தி, இரவும் பகலும் பிரசவம் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். கிராம சுகாதாரச் செவிலியர்கள் கர்ப்பிணிகளை வீடு தேடிப் போய்ப் பதிவு செய்தார்கள். லட்சம் பிறப்புகளுக்கு 1993-இல் 380 ஆக இருந்த பேறுகால இறப்பு, 2007-இல் 90 ஆகக் குறைந்தது. ரத்த வங்கிகளும் சாலை வசதியும் பெண் கல்வியும் இதற்குக் காரணம்தான். என்றாலும் நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்க ஒரு செவிலியர் இருந்தது அடிப்படையான காரணம்.

அதே மாநிலம்தான் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாகத் தேர்வு நடத்தி, ஆயிரக்கணக்கான செவிலியரை மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் அமர்த்தியது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற வாக்குறுதி நிறைவேறாததால் அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். கொரோனா காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்டவர்களைக் கைதட்டிக் கொண்டாடினோம். அவர்களில் பலர் 2022 டிசம்பர் 31-உடன் வேலையை விட்டு அனுப்பப்பட்டார்கள்.

தனியார் துறையின் நிலை இதைவிட மோசம். உச்ச நீதிமன்றத்தின் 2016 ஆணையை அடுத்து அமைந்த வல்லுநர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் செவிலியருக்கு ரூ.20,000-க்குக் குறையக் கூடாது என்றது. கேரளத்தில் செவிலியர்கள் சங்கமாகத் திரண்டு போராடி 2018-இல் அதை அரசாணையாக்கினார்கள். பரிந்துரை இந்தியா முழுவதற்கும் ஒன்றுதான். சங்கம் வலுவாக இருந்த இடத்தில் அது ஊதியமாக மாறியது.

எண்ணிக்கைக்கு வெளியே நிற்பவர்

இனி இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன். செவிலியர் வேலை இந்தியாவில் தொடங்கியபோது மேல்சாதியினர் அதைத் தொடவில்லை. அந்நியர் உடலைத் தொடுவதும், மலம், சளி, ரத்தம் துடைப்பதும் தீட்டு. இரவில் ஆண்கள் வார்டில் பெண் வேலை செய்வது மானக்கேடு. அதனால் மிஷனரிகள் பயிற்றுவித்தவர்களில் பெரும்பாலோர் கிறித்தவப் பெண்கள், விதவைகள், போக்கிடம் இல்லாதவர்கள். தென்னிந்தியாவில் இந்த வரலாற்றை மீரா ஆப்ரகாம் 1996-இல் நூலாக எழுதினார். பிறகு அரசு ஊதியமும் பட்டப்படிப்பும் வளைகுடா வேலையும் வந்தன. தொழிலின் மதிப்பு உயர்ந்தது, பல சாதியினரும் வந்தார்கள். நல்லதுதான்.

ஆனால் தீட்டு எங்கே போனது? கொல்கத்தா மருத்துவமனைகளை ஆராய்ந்து பாஞ்சாலி ராய் 2019-இல் வெளியிட்ட நூல் இதற்கு விடை தருகிறது. செவிலியர் தம்மை மதிப்புக்குரிய தொழிலராக நிலைநிறுத்திக்கொள்ள, உடலைக் கழுவும் துடைக்கும் வேலையைத் தமக்குக் கீழே உள்ள ஆயாக்களிடமும் உதவியாளர்களிடமும் தள்ளினார்கள். அந்தப் படிநிலையில் கீழே போகப் போக தலித் பெண்கள் கூடுகிறார்கள். அமெரிக்காவிலும் வார்டின் அடிமட்ட வேலை கறுப்பினப் பெண்களிடம் ஒதுக்கப்பட்டதை எவலின் நகானோ கிளென் 1992-இலேயே எழுதியிருக்கிறார். சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்பதில்லை, வேலை செய்பவர்களையே மேல் கீழாக அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936-இல் விளக்கினார். அதைப் பார்க்க இன்று அக்ரகாரத்துக்குப் போக வேண்டாம், ஒரு மருத்துவமனை வார்டு போதும்.

இதில் கொள்கை செய்யும் சூழ்ச்சியைக் கவனியுங்கள். அரசு நேரடியாக நியமிக்கும் செவிலியர் பணியில் இனச்சுழற்சி உண்டு, இட ஒதுக்கீடு உண்டு. துப்புரவும் நோயாளி பராமரிப்பும் ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனதும் அங்கே இட ஒதுக்கீடு இல்லை. ஆனாலும் அங்கேதான் நம் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். உரிமையாகக் கிடைக்க வேண்டிய இடத்தில் நம்மைத் தேட வேண்டியிருக்கிறது. உரிமை எதுவும் இல்லாத இடத்தைச் சாதியே நம்மைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. நோயாளி–செவிலியர் விகித ஆய்வுகளில் இந்தப் பெண்கள் வருவதில்லை. ஆயாம்மா பதிவு பெற்ற செவிலியர் அல்ல, மருத்துவமனையின் ஊழியரும் அல்ல. 42 பேரின் உடலைத் தூக்கித் திருப்பியவர் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அந்த இளம் நர்ஸ் என்னிடம் சொன்னதை இப்போது திரும்ப நினைத்துப் பாருங்கள். அவர் தொழிலின் மதிப்பு ஒரு மெல்லிய கோட்டில் நிற்கிறது. சக நர்ஸ் பெட்பேன் எடுத்தால் அது சேவை. இவர் எடுத்தால் அது அவர் சாதியின் வேலை. அவரைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்தக் கோட்டை அழிக்காத எந்த விகிதமும் நமக்குப் பாதி நீதிதான்.

நாம் செய்ய வேண்டியது

என் கோரிக்கைகள் மூன்று. நோயாளி–செவிலியர் விகிதம் அளவுகோலாக இல்லாமல் சட்டமாக வேண்டும். வார்டுவாரியாக, ஷிப்டுவாரியாக அதைக் கதவில் எழுதி ஒட்ட வேண்டும். தொகுப்பூதியமும் ஒப்பந்த முறையும் ஒழிந்து, செவிலியருக்கும் உதவியாளருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் காலமுறை ஊதியம் வேண்டும். உதவியாளர் பயிற்சி பெற்றுச் செவிலியராக உயரும் வழியும் திறக்க வேண்டும். சுகாதாரப் பணியாளர் பற்றிய எல்லாக் கணக்கெடுப்பிலும், ஒப்பந்த ஊழியர் உட்பட, சாதி விவரம் சேர வேண்டும்.

முதுகலை ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு மனு போடுங்கள். அனுமதிக்கப்பட்ட செவிலியர் பணியிடம் எத்தனை, காலியிடம் எத்தனை, தொகுப்பூதியத்தில் எத்தனை பேர், ஒப்பந்த நிறுவனத்துக்கு மாதம் எவ்வளவு தரப்படுகிறது, தொழிலாளி கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். பிறகு ஒரு இரவு அந்த வார்டில் உட்கார்ந்து எண்ணுங்கள். எண்ணும்போது ஆயாம்மாவையும் சேர்த்து எண்ணுங்கள், அவரிடம் பேசுங்கள்.

ஒரு சேரிச் சிறுவனைப் பிழைக்க வைக்க சாவித்திரிபாய் தன் உயிரைக் கொடுத்தார். 128 ஆண்டுகளுக்கு மேலாகியும் பராமரிப்பைத் தனிமனிதத் தியாகத்திடம் விட்டுவைப்பது ஓர் அரசுக்கு அழகல்ல. தியாகத்தைப் போற்றுவோம்; ஆட்களையும் ஊதியத்தையும் மரியாதையையும் கேட்டு வாங்குவோம்.

ஜெய்பீம்.