மெய்நிகர்க் காட்சி

மதுரையை அடுத்த ஆனையூரில் பயிலும் சிறுவர், கண்மாயையும் அதில் இரை தேடும் கொக்கையும் நேரிற் காண்பர். நிலவின் தரையையோ, துடிக்கும் இதயத்தின் உட்புறத்தையோ அவர் எங்ஙனம் காண்பர்? இக்குறையை ஒருவாறு நீக்க வல்லது மெய்நிகர்க் காட்சிக் கருவி.

நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சிறிது வேறுபட்ட கோணங்களிற் காண்கின்றன. மூளை அவ்விரு காட்சிகளையும் ஒன்றாக்கி, அண்மையையும் சேய்மையையும் உணர்த்துகின்றது. இவ்வுண்மையை 1838-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் வீட்ஸ்டன் ஒரு கருவியால் விளக்கிக் காட்டினார். இன்றைய கருவியும் இரு வில்லைகளின் வழியே இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டுகின்றது. தலை திரும்பினால் காட்சியும் அதற்கேற்ப மாறுகின்றது. 2014-ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம், வில்லைகள் பொருத்திய அட்டைப் பெட்டியினுள் கைப்பேசியை வைத்துக் காணும் எளிய முறையை வெளியிட்டது.

ஆயினும், இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. நிலவில் நம் எடை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. கருவியில் தோன்றும் நிலவைக் கண் காணும். அவ்வெடைக் குறைவைக் கால் உணராது. அவரை விதை முளைப்பதைக் காண, ஈரப்பஞ்சும் சில நாட் பொறுமையும் போதும், கருவி வேண்டா. ஆதலின், எட்டாதவற்றைக் கருவியாற் காட்டி, எட்டுவனவற்றைக் கையாற் செய்வித்தலே தொடக்கப்பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் நன்முறையாகும்.